அடிக்கிற கலர்

காரவல்லியில் ஏற ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் முடித்துக் கொல்லிமலைக்குள் நுழைந்தால் எங்கு பார்த்தாலும் பச்சை. சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, பலா, வாழை, காப்பிச் செடி, சரிவுகளில் மரவள்ளி. அந்தப் பச்சைக்கு நடுவில் திடீரென்று ஒரு வீடு நிற்கும். ரோஸ் கலர் சுவர், அரக்கு நிறத்தில் சன்ஷேடு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டை. கொஞ்ச தூரத்தில் கிளிப்பச்சையில் இன்னொன்று. அதைத் தாண்டினால் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று. சோளக்காடு, செம்மேடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த வீடுகள் உண்டு.

கொல்லிமலை பற்றிய பயணக் குறிப்புகளில் இவற்றுக்கு ஒரு நிரந்தர இடம் இருக்கிறது. ஆகாயகங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில், எட்டுக்கை அம்மன், அன்னாசிப்பழம், மிளகு என்று எல்லாவற்றையும் பாராட்டி முடித்துவிட்டுக் கடைசிப் பத்தியில் ஒரு பெருமூச்சு வரும். இவ்வளவு அழகான மலையில் இப்படி அடிக்கிற கலரில் வீடு கட்டிக் கெடுத்து வைத்திருக்கிறார்களே, ஒரு ரசனை வேண்டாமா என்று. படம் எடுக்கும்போதும் அந்த ரோஸ் சுவர் உள்ளே விழுந்துவிடாமல் பார்த்து எடுப்பார்கள்.

இந்தப் பெருமூச்சை ஒரு விமர்சனமாக எடுத்துக்கொண்டு பதில் எழுத வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்திருந்தேன். 'ரசனை இல்லை' என்பது சாதாரணத் தீர்ப்பு கிடையாது. ஒரு நாவலைப் பற்றி அப்படிச் சொன்னால் ஏன், எங்கே, எப்படி என்று நாம் சண்டைக்கு வருவோம். ஒரு குடும்பம் பல வருடக் கூலியைப் போட்டுக் கட்டிய வீட்டைப் பற்றிச் சொன்னால் மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டுப் பார்க்கலாம்.

*

முதலில் அந்தப் பெருமூச்சின் சொற்களைப் பார்க்கலாம். 'அடிக்கிற கலர்', 'கண்ணைக் குத்துற கலர்', 'பஞ்சுமிட்டாய் கலர்', 'ராமராஜன் சட்டை'. முதல் இரண்டும் நிறத்தை வன்முறையாகப் பார்க்கின்றன. மூன்றாவது அதைக் குழந்தையிடம் தள்ளுகிறது. நான்காவது கிராமத்தானிடம் தள்ளுகிறது.

நான்காவதில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1989-இல் 'கரகாட்டக்காரன்' வந்தது. ராமராஜன் அணிந்த பளிச் நிறச் சட்டைகள் முப்பது வருடத்துக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் நிரந்தர நகைச்சுவையாக இருக்கின்றன. ஆரஞ்சு நிறத்தில் ஒருவர் சட்டை போட்டு ஆபீஸுக்கு வந்தால் இன்றைக்கும் அந்தப் பெயர்தான். அந்தப் படங்களைத் திரையரங்கில் கூட்டம் கூட்டமாகப் பார்த்து ஓட வைத்தவர்களுக்கு அந்தச் சட்டை நகைச்சுவையாகப் படவில்லை. வயலையும் தென்னந்தோப்பையும் பின்னணியாக வைத்துப் பார்த்தால் சிவப்புச் சட்டை போட்டவன் தூரத்திலிருந்தே தெரிவான். கதாநாயகன் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்தச் சட்டை நகரத்துக்கு வந்த பிறகுதான் சிரிப்பானது.

இப்போது ஒரு காஞ்சிபுரம் பட்டுப்புடவையை விரித்துப் பாருங்கள். உடல் வாடாமல்லி, பார்டர் கிளிப்பச்சை. அல்லது உடல் மயில் கழுத்து, பார்டர் அரக்கு. உடலும் பார்டரும் தனித்தனி நிறமாக இருந்து நெசவிலேயே கோத்து இணைவதற்குப் பெயர் கோர்வை. அதற்கு இன்னொரு ஆள் உதவியும் கூடுதல் நேரமும் தேவை. அதனால்தான் கோர்வைப் புடவைக்கு விலை அதிகம். நிறங்கள் ஒன்றில் ஒன்று கரையாமல் எதிரெதிராக நிற்கிற அந்தக் கோட்டுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். கல்யாண வீட்டில் அந்தப் புடவை கட்டிய அத்தையைப் பார்த்து யாரும் 'கண்ணைக் குத்துது' என்று சொல்வதில்லை. 'என்ன காம்பினேஷன்!' என்பார்கள்.

அதே வாடாமல்லியும் கிளிப்பச்சையும் சுவரும் சன்ஷேடுமாக மாறும்போது ரசனை எங்கே காணாமல் போகிறது? அளவு வித்தியாசம் என்று ஒருவர் சொல்லலாம். அது நியாயமான பதில், பின்னால் வருகிறேன். ஆனால் இந்த நிறச் சேர்க்கை தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த ஒன்று என்றோ, பெயிண்ட் கம்பெனி கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம் என்றோ சொல்ல முடியாது. பட்டு, கோயில் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள், ஐயனார் குதிரை, தேர்ச் சீலை, பொங்கல் பானையைச் சுற்றிப் போடும் கோலப்பொடி என்று இந்த இலக்கணத்தில்தான் நாம் கொண்டாட்டத்தைப் பேசி வந்திருக்கிறோம். மலைமேல் இருக்கும் ரோஸ் வீடு அந்த மொழியில் பேசுகிறது.

*

அப்படியானால் 'பளிச் நிறம் கீழானது' என்ற எண்ணம் நமக்குள் எந்த வழியாக வந்தது? ஒரு வழி ஐரோப்பா. 1810-இல் வெளியான நிறக் கோட்பாட்டு நூலில் கதே, நாகரிகம் அடையாத மக்களும் குழந்தைகளும்தான் பளிச் நிறங்களை விரும்புவார்கள், பண்பட்டவர்கள் அவற்றிலிருந்து விலகி நிற்பார்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். நூறு வருடம் கழித்து வியன்னாவின் அடோல்ஃப் லோஸ் அலங்காரத்தையே குற்றத்தோடு சேர்த்துப் பேசினார். அவருக்கும் உதாரணம் பாப்புவா மக்கள்தான். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் பாட்செலர் 2000-இல் 'குரோமோஃபோபியா' என்று ஒரு சிறிய புத்தகம் எழுதினார். மேற்கத்திய பண்பாடு நிறத்தைப் பெண்ணுடையது, கீழைத்தேயத்துடையது, பழங்குடியுடையது, குழந்தையுடையது, மலிவானது என்று யார் யார் தலையிலோ கட்டிவிட்டு, வெள்ளையை மட்டும் அறிவின் நிறமாக வைத்துக்கொண்டது என்பது அவர் வாதம். கொல்லிமலையைப் பற்றிய நம்முடைய பெருமூச்சை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் கட்டத்துக்குக் கட்டம் பொருந்துகிறது. கொல்லிமலையில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடி மக்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஐரோப்பாவிலேயே எதிர்க்குரல் இருந்தது. கட்டிடக் கலைஞர் புரூனோ டவுட் 1913-இல் பெர்லினின் ஓரத்தில் ஃபால்கன்பெர்க் என்ற குடியிருப்பைக் கட்டத் தொடங்கினார். சாதாரண வருமானக்காரர்களுக்கான வீடுகள். அலங்காரத்துக்குப் பணம் கிடையாது. பெயிண்ட் மலிவு. அதனால் ஒரு வீட்டுக்கு நீலம், அடுத்ததற்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள் என்று அடித்தார். பெர்லின்காரர்கள் அதைப் 'பெயிண்ட் பெட்டிக் குடியிருப்பு' என்று கிண்டல் செய்தார்கள். இங்கே 'பஞ்சுமிட்டாய்' என்கிறோம், அங்கே 'பெயிண்ட் பெட்டி'. டவுட் அசரவில்லை, 1919-இல் நிறத்தோடு கட்டுங்கள் என்று ஓர் அறைகூவலே வெளியிட்டார். 2008-இல் அந்தக் குடியிருப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கிண்டலுக்கும் பாரம்பரியத்துக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டுகூட முழுதாக ஆகவில்லை.

இன்னொரு உதாரணம் நம்மில் பலர் போனில் வைத்திருப்பது. ஸ்பெயினின் கால்பே கடற்கரையில் ரிக்கார்டோ போஃபில் வடிவமைத்து 1973-இல் முடிந்த 'லா முராயா ரோஹா'. வெளிச்சுவர் சிவப்பு, உள்முற்றங்கள் ரோஸும் வானநீலமும். இன்ஸ்டாகிராமில் அந்தப் படிக்கட்டுகளைப் பார்த்துச் சொக்கிப்போகாத டிசைனர் குறைவு. எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேருடைய மானிட்டரில் அதுதான் வால்பேப்பர். அவர்களில் ஒருவர் கொல்லிமலைக்குப் போய்வந்துவிட்டு 'அந்த பிங்க் வீடுங்கள எல்லாம் தடை பண்ணணும் பாஸ்' என்றார். ஸ்பெயினில் கலையாகத் தெரிகிற ரோஸ், செம்மேட்டில் குற்றமாகத் தெரிந்தால் நாம் நிறத்தைப் பார்க்கவில்லை, சொந்தக்காரரைப் பார்க்கிறோம்.

*

சரி, அங்கே எந்த நிறம் இருந்தால் நமக்குப் பிடிக்கும்? இதற்குப் பதில் எல்லோரிடமும் ஒன்றுதான். மண் நிறம்.

நண்பர் ஒருவர் மலைமேல் சிறிய வார இறுதி வீடு கட்டும் திட்டத்தில் இருக்கிறார். என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டபோது, 'லோக்கலா இருக்கணும், ஆனா லோக்கல் வீடு மாதிரி இருக்கக் கூடாது' என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் மனதிலிருந்தது செம்மண் நிறப் பூச்சு, பூசாத செங்கல், பழைய மரக்கதவு. மலைவாசத்தலங்களில் 'மண் வீட்டு அனுபவம்' என்று ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் விடுதிகள் விற்பதும் இதைத்தான்.

பூசாத செங்கல் சுவருக்கு நம் பக்கத்தில் ஒரு பெரிய ஆசான் உண்டு. லாரி பேக்கர். கேரளத்தில் அவர் கட்டிய வீடுகளில் செங்கல் செங்கலாகவே தெரியும். பூச்சும் பெயிண்டும் அநாவசியச் செலவு, ஒருமுறை அடித்தால் காலத்துக்கும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கணக்கு சரியான கணக்கு. பேக்கர்மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் நம் ஊர்களில் 'பூசாத வீடு' என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது. கடன் கிடைக்காமல் நின்றுபோன வீடு. பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்றே கணக்குப் போடும் வீடு. பேக்கருக்கு நேர்மையின் அடையாளமான செங்கல், இங்கே முடியாமல்போனதன் அடையாளம். இரண்டும் ஒரே செங்கல்தான். முடிக்க வசதி இருந்தும் முடிக்காமல் விடுகிறவருக்கு மட்டும்தான் அது அழகு.

வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு ரோஸ் வீட்டு வாசலில் உட்கார்ந்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஏன் இந்தக் கலர் என்று கேட்டேன். தத்துவமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தவனுக்கு அவர் சொன்ன பதில் இது: "வெறும் சிமெண்டுப் பூச்சோட ரெண்டு வருசம் கெடந்துச்சு தம்பி. வர்றவங்க போறவங்கல்லாம் எப்ப முடிப்பீங்க, எப்ப முடிப்பீங்கன்னு கேட்டுட்டே இருந்தாங்க. கலரு அடிச்சப்பறம் ஒருத்தரும் கேக்கல."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அந்த ரோஸ் ஒரு பணிநிறைவுச் சான்றிதழ். அது வெளிர் நிறமாக இருந்தால் தூரத்திலிருந்து சிமெண்ட் பூச்சா பெயிண்டா என்று தெரியாது. ஆகவே வெளிர் நிறம் அந்த வேலையைச் செய்யாது.

இதோடு அரசுத் திட்ட வீடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் பரப்பளவு 300 சதுர அடி. 2024-இல் வந்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி, அரசு தருவது 3.5 லட்ச ரூபாய். அளவு முன்பே முடிவானது. தொகை முன்பே முடிவானது. வரைபடமும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான். புல் வேய்ந்த கூரையிலிருந்தும் மண் சுவரிலிருந்தும் இதற்குள் வந்த குடும்பம், இது எங்கள் வீடு, பக்கத்து வீடு வேறு என்று காட்ட மிச்சமிருக்கிற வழிகளில் மலிவானது நிறம். அதையும் 'இயற்கையோடு ஒட்டி' மண் நிறத்தில் அடி என்று சொன்னால், எந்தச் சுவரிலிருந்து வெளியே வந்தார்களோ அந்தச் சுவரையே மறுபடி வரைந்து காட்டச் சொல்கிறோம். நம் வார இறுதிப் படத்துக்காக.

*

இதுவரை எழுதியதை வைத்து, மலைமேல் எல்லா வீட்டின் நிறமும் அந்தக் குடும்பத்தின் ஆன்மக் குரல் என்று முடித்துவிட்டால் அது இன்னொரு வகை ஏமாற்று. நிறத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது சிக்கலான விஷயம்.

முன்பெல்லாம் தேர்வே குறைவு. சுண்ணாம்பு, அதில் கொஞ்சம் துணிக்குப் போடும் நீலப்பொடி, அடிச்சுவருக்குக் காவிப்பட்டை, அவ்வளவுதான். இந்த மூன்றும் சேர்ந்து இருந்ததற்கு வேதியியல் காரணம் உண்டு. சுண்ணாம்பு கடுமையான காரம். பெரும்பாலான சாயங்கள் அதில் செத்துப்போகும். நீலப்பொடியில் இருந்த அல்ட்ராமரினும், காவியில் இருக்கும் இரும்பு ஆக்சைடும் காரத்தைத் தாங்கும். ஆக நாம் இன்று 'பாரம்பரிய அழகு' என்று சொல்கிற வெள்ளையும் வெளிர்நீலமும் காவியும் அன்றைய தொழில்நுட்பம் அனுமதித்த பட்டியல். கூடுதலாக இருந்திருந்தால் நம் தாத்தாக்களும் அடித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். தேரையும் கோபுரத்தையும் அவர்கள் சும்மா விடவில்லையே.

பிறகு சிமெண்ட் பெயிண்ட் வந்தது. அதற்குப் பின் எமல்ஷன். 1990-களுக்குப் பிறகு கடைகளில் நிறம் கலக்கும் இயந்திரம் மெதுவாகப் பரவியது. கடைக்காரர் ஷேடு கார்டில் எண்ணைப் பார்த்துத் தட்டினால் போதும், எந்த நிறமும் டப்பாவில் கிடைக்கும். ஒரு மென்பொருள்காரனுக்கு இது ரொம்பப் பழக்கமான மாற்றம். பதினாறு நிறத்திலிருந்து பதினாறு மில்லியன் நிறத்துக்கு நம் திரைகள் போன மாதிரி. பட்டியல் விரிந்தால் சுதந்திரம் விரியும் என்று தோன்றும். நடப்பது பெரும்பாலும் வேறு. ஆயிரம் நிறம் இருந்தால் ஆள் திகைத்து, கடைக்காரர் 'இதுதான் இப்ப ஓடுது' என்று காட்டுவதை எடுப்பார். அல்லது வரைபடம் போட்டுக் கொடுக்கும் இன்ஜினியர் கம்ப்யூட்டரில் செய்து தரும் முப்பரிமாண 'எலிவேஷன்' படத்தில் இருப்பதை எடுப்பார். அந்தப் படத்தில் வானம் எப்போதும் நீலமாக இருக்கும், கொல்லிமலையில் அப்படி இருக்காது.

இன்னும் சில கைகள் உண்டு. சாலையோரக் கடை என்றால் சிமெண்ட் கம்பெனியோ போன் கம்பெனியோ தன் நிறத்தில் இலவசமாக அடித்துத் தரும். கட்சிக் கொடி, சங்கக் கொடியின் நிறச் சேர்க்கையாகத் தெரிந்துவிடக் கூடாது என்று சில ஜோடிகளைத் தவிர்ப்பார்கள். சொந்தக்காரர் வீட்டில் மிஞ்சிய அரை டப்பா ஒரு பட்டையாக மாறும். ஆகவே ஒரு சுவரைப் பார்த்ததும் 'மக்களின் அழகியல்' என்று நெகிழ்வதற்கும், 'ரசனை இல்லை' என்று முகம் சுளிப்பதற்கும் முன்னால் அந்தச் சுவர்மேல் எத்தனை கைகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

மேலேயிருந்து வரும் நிறத்துக்கும் உதாரணங்கள் இருக்கின்றன. ஓவியராக இருந்த எடி ராமா 2000-இல் அல்பேனியத் தலைநகர் டிரானாவின் மேயராகி, சாம்பல் பூத்த பழைய அடுக்குமாடிகளுக்கு ஆரஞ்சும் பச்சையும் மஞ்சளுமாக அடிக்க வைத்தார். உலகமே பாராட்டியது. சென்னையில் 2020-இல் கண்ணகி நகர் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வந்தன. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட மக்களை ஒதுக்குப்புறத்தில் குடியேற்றிய இடம் அது. அந்த ஓவியங்களில் சில எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். ஆனால் நகரத்தவர்கள் அங்கே போய்ப் படம் எடுத்துப் போட்ட வேகத்தைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. ஏழைகளின் சுவரில் ஒரு கலைஞர் நிறம் அடித்தால் பாராட்டுகிறோம், அந்த ஏழையே அடித்தால் ரசனை கேட்கிறோம். லெ கொர்பூசியே போர்தோ பக்கத்தில் பெசாக் என்ற இடத்தில் 1926-இல் தொழிலாளர் குடியிருப்பு கட்டி, நிறங்களைத் தானே தீர்மானித்து அடித்துக் கொடுத்தார். குடிவந்தவர்கள் நாளடைவில் ஜன்னலை மாற்றினார்கள், கூரை போட்டார்கள், நிறத்தையும் மாற்றினார்கள். கட்டிடக்கலை மாணவர்கள் இன்றைக்கும் அதை விவாதிக்கிறார்கள். பெசாக்கின் உண்மையான விமர்சகர்கள் அந்தக் குடித்தனக்காரர்கள்தான்.

*

எல்லா நிறமும் நல்ல நிறம் என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. அப்படிச் சொல்வது மரியாதை மாதிரித் தெரியும், உண்மையில் அலட்சியம். ஒரு கவிதையை 'நல்லாருக்கு' என்று தட்டிக்கொடுத்து அனுப்புவது போல. அளவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது இங்கே வருகிறது.

புடவைக்கும் சுவருக்கும் முதல் வித்தியாசம் பரப்பு. ஷேடு கார்டில் கட்டை விரல் அளவு இருக்கும் ரோஸ், முழுச் சுவரில் இன்னும் தீவிரமாகத் தெரியும். அனுபவமுள்ள பெயின்டர்கள் இதை அறிவார்கள். அட்டையில் பிடித்ததற்கு ஒரு படி மெலிந்ததை எடுங்கள் என்பார்கள். இரண்டாவது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது. 1839-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல், ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் எப்படி மாறித் தெரிகிறது என்று விரிவாக எழுதினார். அவர் வேலை பார்த்தது ஒரு திரைச்சீலை நெசவுக் கூடத்தில் என்பது நமக்குப் பொருத்தம். பச்சைக்கு எதிர்ப் பக்கத்தில் இருப்பவை சிவப்பும் மெஜந்தாவும். மலைப் பச்சைக்கு நடுவில் ரோஸ் துடிப்பது அதனால்தான். அதே காரணத்தால் கிளிப்பச்சை வீடு அங்கே தோற்றுவிடுகிறது. இலைப் பச்சைக்குப் பக்கத்தில் டப்பாப் பச்சை பிளாஸ்டிக்காகத் தெரியும். 'பச்சை அடித்தால் மலையோடு ஒட்டும்' என்பவர்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கலாம்.

மூன்றாவது வெளிச்சம். சுமார் ஆயிரம் மீட்டருக்கு மேலே, வருடத்தில் பல மாதங்கள் காலை மூடுபனி. பனி எல்லா நிறத்திலிருந்தும் அடர்த்தியை உறிஞ்சிவிடும். கீழே நாமக்கல் வெயிலில் தாங்க முடியாமல் அடிக்கிற மஞ்சள், மேலே பனிக்குள் பதமாகத் தெரியும். வெளிர் சாம்பலும் வெள்ளையும் அந்தப் பனியில் காணாமல் போகும். மதியம் ஒரு மணிக்கு வந்து மாலை இறங்குகிற சுற்றுலாக்காரர் பார்ப்பது அந்த வீட்டின் மிகக் கடுமையான நேரத்தை மட்டும்.

நான்காவது காலம். புதுச் சிமெண்ட் பூச்சில் காரம் அதிகம். குறைந்தது 28 நாள் ஆறவிடாமல், பிரைமரும் இல்லாமல் அடித்தால் உப்புப் பூத்து, திட்டுத்திட்டாக நிறம் விடும். அடர் நிறங்களில் வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு குறைவாக இருப்பதால் மறைக்கும் சக்தி குறைவு. இரண்டு கோட்டில் முடியாது, மூன்றாவது கேட்கும். மலிவான சிவப்பு, ரோஸ் நிறமிகள் வெயிலில் சீக்கிரம் வெளிறும். இரும்பு ஆக்சைடு மஞ்சளும் காவியும் நிற்கும். தரமான நீலமும் பச்சையும் நிற்கும். மழைப் பக்கச் சுவரில் பாசி ஏறும். ஒரு வீட்டைப் பார்த்து நாம் அசிங்கம் என்று சொல்வது பல சமயம் நிறத்தை அல்ல, மூன்றாவது கோட்டுக்குக் காசில்லாமல் நின்றுபோன நிறத்தை.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் மலைமேல் நல்ல சுவரும் உண்டு, மோசமான சுவரும் உண்டு. செம்மேட்டுக்கு வெளியே ஒரு வீடு, முழுக்கக் காவி கலந்த ஆரஞ்சு. ஜன்னல் சட்டத்துக்கு மட்டும் அடர் நீலம். இரண்டே நிறம், கோர்வை போலக் கச்சிதமான கோடு. மழையில் நனைந்து நின்றபோது வண்டியை நிறுத்திப் பார்த்தேன். அதே சாலையில் இன்னொரு வீட்டு முகப்பில் ஆறு நிறம், நடுவில் பளபளக்கும் டைல்ஸ், ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு பட்டை. அது தோற்றது துணிச்சலால் இல்லை. எதைச் சொல்வது என்று முடிவெடுக்காததால். உண்மையில் துணிச்சல் குறைவு. ஒரே நிறத்தை நம்பி முழுச் சுவரையும் கொடுப்பதற்குத்தான் தைரியம் வேண்டும்.

*

கொல்லிமலையின் மிகப் பழைய உருவம் கொல்லிப்பாவை. நற்றிணை 201-ஆம் பாடலில் பரணர் அந்தப் பாவையைச் சொல்கிறார். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அழகு குலையாத பாவை. எந்தப் பெயிண்ட் கம்பெனியும் வாரண்டி அட்டையில் எழுதத் துணியாத வாசகம். தெய்வம் காக்கும் மலையில் அது முடியும். மனிதர்கள் அடித்த நிறம் சில வருடத்தில் வெளிறும், பாசி பிடிக்கும், பொங்கலுக்கு முன்னால் மறுபடி சாரம் கட்ட வேண்டும். மறுபடி என்ன நிறம் என்ற கேள்வி வரும்.

ஆகவே இரண்டாவது தடவை என்ன அடிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது. முதல் தடவை 'முடிச்சாச்சு' என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அந்த அவசியம் இல்லை. அப்போதுதான் வெறும் விருப்பம் பேச முடியும்.

அந்த அக்காவிடம் இதையும் கேட்டேன். சுவரின் மழைப் பக்கம் ஏற்கெனவே வெளிறி, ரோஸ் கிட்டத்தட்ட சதை நிறமாகிவிட்டிருந்தது. அடுத்து என்ன அடிக்கப் போகிறீர்கள்? அவருக்கு மாம்பழ மஞ்சள் ஆசை. திருப்பூரில் வேலை பார்க்கும் பையன் போனில் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். எடுத்துக் காட்டினார். அடர் சாம்பல் சுவர், கறுப்பு ஜன்னல், வெள்ளைப் பட்டை. ஓஎம்ஆரில் எங்கள் ஆபீஸைச் சுற்றி இருக்கும் எந்தக் கட்டிடமாகவும் இருக்கலாம் அது. "இதுதான் இப்ப டீசன்ட்டுங்கிறான்" என்றார். 'டீசன்ட்' என்ற சொல்லைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஊரை விட்டுப் போனவனுக்கு, தன் வீட்டை யாரும் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்ற கவலை இருக்கும். அந்தக் கவலையை அவனுக்குக் கொடுத்ததில் நம் பயணக் குறிப்புகளுக்கும் பங்கு உண்டு, ராமராஜன் ஜோக்குகளுக்கும் பங்கு உண்டு. அவன் சாம்பலை விரும்பியே தேர்ந்தெடுத்தால் சாம்பல் இருக்கட்டும், நல்ல சாம்பல்களும் உண்டு. ஆனால் மஞ்சள் அடித்தால் சிரிப்பார்கள் என்ற பயத்தில் தேர்ந்தெடுத்தால், தடை போடாமலே அந்த மலையின் நிறங்களை நாம் அழித்துவிட்டோம் என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்ததை அக்காவிடம் சொன்னேன். இரும்பு ஆக்சைடு மஞ்சள் கேளுங்கள், சீக்கிரம் வெளிறாது, மழைப் பக்கத்துக்குப் பாசி தடுக்கும் மருந்து அடிச்ச பிறகு பிரைமர் போடச் சொல்லுங்கள் என்று. தலையாட்டினார். "விலை எவ்வளவு வரும்?" என்று கேட்டார். லிட்டர் கணக்குப் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மிளகு எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுத்தான் என்றார்.